கையை விட்டுப் போனால் திருத்த முடியாது... பழைய பிளானில் ஒரு பால்சா விமானம்!

1871 ஆகஸ்ட் 18. பாரிஸ் நகரின் துய்லரி தோட்டத்தில், விமானவியல் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் கூடி நிற்கிறார்கள். அவர்கள் முன்னால் 21 வயது அல்போன்ஸ் பெனோ. அவர் கையில் இருப்பதைப் பார்த்து யாரும் விமானம் என்று சொல்லிவிட முடியாது. அரை மீட்டர் நீளத்தில் ஒரு குச்சி. அதன் மேல் ஓர் இறக்கை, பின்னால் குட்டியாக ஒரு வால், வாலுக்கும் பின்னால் ஒரு புரொபெல்லர். குச்சிக்கு அடியில் முறுக்கேற்றிய ரப்பர். எல்லாம் சேர்த்து எடை 16 கிராம். நான்கு ஏ4 தாள்களின் எடையைவிடக் குறைவு!

பெனோ கையை எடுத்தார். அது பறந்தது. சுமார் 11 விநாடி, 40 மீட்டர் தூரம்.

அதற்கு முன்பும் எத்தனையோ பொம்மைகள் காற்றில் ஏறி இறங்கியிருக்கின்றன. இது வேறு ரகம். நூல் இல்லை, ஓட்டுபவர் இல்லை. காற்று ஒரு பக்கம் தள்ளினால், தானே சமாளித்துக்கொண்டு நேரானது. இறக்கையின் நுனிகளை மேல்நோக்கி வளைத்ததும், வாலின் முன்விளிம்பைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்ததும்தான் சூட்சுமம். பறக்கும்போது நடக்க வேண்டிய அத்தனையையும் பெனோ தரையிலேயே முடிவு செய்துவிட்டார்.

இதில் ஒரு தற்செயலும் உண்டு. சரியாக அதற்கு மறுநாள், அமெரிக்காவின் டேட்டன் நகரில் ஒரு குழந்தை பிறந்தது. பெயர், ஆர்வில் ரைட்! 1878-ல் அப்பா மில்டன் ரைட் வெளியூர் போய்த் திரும்பும்போது பிள்ளைகளுக்கு வாங்கி வந்தது, பெனோவின் முறுக்கு ரப்பர் யோசனையில் உருவான ஒரு பறக்கும் பொம்மை. ஆர்விலுக்கு அப்போது 7 வயது, அண்ணன் வில்பருக்கு 11. பொம்மை சீக்கிரமே உடைந்துபோக, இருவரும் தாங்களே புதிதாகச் செய்ய ஆரம்பித்தார்கள். சின்னதாகச் செய்தால் பறந்தது. பெரிதாகச் செய்யச் செய்ய அடம்பிடித்தது. அளவு இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு வேண்டும் என்ற கணக்கு அந்த வயதில் அவர்களுக்குத் தெரியாது.

பெனோவின் கதை அவ்வளவு நன்றாக முடியவில்லை. 1876-ல், தண்ணீரிலும் இறங்கக்கூடிய ஒரு பெரிய விமானத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அதைச் செய்து பார்க்கப் பணம் தர ஆளில்லை. 1880-ல், 30 வயதிலேயே இறந்துபோனார். அவருடைய பெரிய விமானம் காகிதத்தோடு நின்றுவிட்டது. அந்த 16 கிராம் குச்சியின் வாரிசுகளோ, இன்றும் உலகம் முழுக்க யார் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலோ உருவாகிக்கொண்டிருக்கின்றன. ஒரு பழைய பிளான், கொஞ்சம் பால்சா மரம், ஒரு பிளேடு, பசை. அவ்வளவுதான் தேவை. பொறுமையைத் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

படத்தின் மேலேயே கட்டலாம்

வீட்டு பிளானைக் கொத்தனார் படித்துப் புரிந்துகொண்டு, அதைப் பெரிதாக்கிக் கட்டுகிறார். மாடல் விமான பிளான் அப்படி இல்லை. தையல்காரர் துணி மேல் பேப்பர் பேட்டர்னை வைத்து வெட்டுவாரே, அது மாதிரி. வரைந்திருக்கும் அளவுதான் விமானத்தின் அளவு. கோட்டின் மேலேயே குச்சியை வைத்து, குண்டூசியால் பிடித்து நிறுத்தி, பசை போட வேண்டியதுதான். காய்ந்ததும் தூக்கினால், படம் அப்படியே மரமாக எழுந்து வரும்.

1927-ல் சார்லஸ் லிண்ட்பெர்க் நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்கு எங்கும் நிற்காமல் தனியாகப் பறந்தார். அதன் பிறகு அமெரிக்கச் சிறுவர்களுக்கு விமானப் பைத்தியம் பிடித்துவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான், முதல் உலகப் போரில் கடற்படை விமானியாக இருந்த பால் கில்லோ, மாசசூசெட்ஸ் மாகாணத்தில் தன் மாடல் விமான கம்பெனியைத் தொடங்கியிருந்தார். அந்த கம்பெனியின் கிட்கள் இப்போதும் விற்பனையில் உள்ளன. இங்கிலாந்தில் 1935-ல் 'ஏரோமாடலர்' என்ற பத்திரிகையே வந்தது. அந்தக் காலத்து பிளான்கள் பல இன்று ஸ்கேன் செய்யப்பட்டு பி.டி.எஃப் வடிவில் கிடைக்கின்றன.

சிக்கல் ஆரம்பிப்பது ஜெராக்ஸ் கடையில்தான். பிரின்ட் போடும்போது 'ஃபிட் டு பேஜ்' என்று ஒரு டிக் இருக்கும். கடைக்காரர் நல்லெண்ணத்தில் அதை அழுத்திவிட்டால் போச்சு, படம் சுருங்கிவிடும். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்கினால்கூடச் சமாளிக்கலாம். ஒரு திசையில் மட்டும் இழுத்திருந்தால், வட்டம் முட்டையாகும், விமானம் கோணலாகும். அதனால் பிரின்ட்டைக் கையில் வாங்கியதும், படத்தில் அளவு குறித்திருக்கும் கோட்டின் மேல் ஸ்கேலை வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. நீளவாக்கில் ஒரு முறை, அகலவாக்கில் ஒரு முறை.

பழைய பிளான்களில் இன்னொரு குறும்பு உண்டு. இடத்தை மிச்சப்படுத்த, ஒரு பக்க இறக்கையை மட்டும்தான் வரைந்திருப்பார்கள். மற்ற பக்கத்துக்கு என்ன செய்வது? தாளில் எண்ணெய் தடவ வேண்டும். பஜ்ஜி வைத்த பேப்பர் எப்படி ஆகும், அதே கதைதான். கோடுகள் மறுபக்கம் பளிச்சென்று தெரியும். தாளைத் திருப்பிப் போட்டால் அடுத்த இறக்கை ரெடி.

கிராம் கணக்கு

பால்சா, தென் அமெரிக்காவின் மரம். உலகச் சந்தைக்கு அதிகம் அனுப்புவது ஈக்வடார். விறுவிறுவென்று வளர்ந்து, ஆறேழு ஆண்டுகளிலேயே வெட்டுக்குத் தயாராகிவிடும். ஸ்பானிஷ் மொழியில் 'பால்சா' என்றால் தெப்பம். 1947-ல் தோர் ஹெயர்டால், பெரு நாட்டிலிருந்து பசிபிக் கடலில் 101 நாள்கள் மிதந்து போனது இந்த மரத்தில் கட்டிய 'கோன்-டிகி' தெப்பத்தில்தான். இரண்டாம் உலகப் போரில் பறந்த 'மஸ்கிட்டோ' குண்டுவீச்சு விமானத்தின் உடல், பிர்ச் பிளைவுட்டுக்கு நடுவே பால்சாவை வைத்துச் செய்த சாண்ட்விச். இன்று காற்றாலை இறக்கைகளுக்கு உள்ளேயும் இதே மரம் இருக்கிறது.

'எடை குறைந்த மரம்' என்று எல்லாரும் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். கடையில் அடுக்கியிருக்கும் பால்சா தகடுகள் எல்லாம் ஒரே எடை கிடையாது. 1 மீட்டர் நீளம், 10 செ.மீ அகலம், 1.5 மி.மீ கனத்தில் இரண்டு தகடுகள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், விலையும் ஒன்றாகவே இருக்கலாம். ஒன்று 15 கிராம், மற்றது 30 கிராம்! தெரிந்தவர்கள், நகை எடை பார்க்கும் குட்டி டிஜிட்டல் தராசைப் பையில் போட்டுக்கொண்டுதான் மரம் வாங்கப் போகிறார்கள். கனமான, கெட்டியான தகடு வீண் இல்லை. இறக்கையின் முதுகெலும்பான நீளக் குச்சிக்கு அது வேண்டும். பஞ்சு போன்ற தகடு வாலுக்கு. ரேகையையும் பார்க்க வேண்டும். தகட்டின் மேல் மினுமினுவென்று செதில் செதிலாகப் புள்ளிகள் தெரிந்தால் அது விறைப்பானது, வளைத்தால் முறியும். இறக்கைக்குக் குறுக்கே வரும் ரிப்களுக்கு அதுதான் சரி. வளைந்து கொடுக்கும் தகட்டை, உருளையான இடங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

வால் விஷயத்தில் ஏன் இவ்வளவு கறார்? சீசா பலகையை நினைத்துப் பார்த்தால் புரியும். விமானம் தன் எடை மையத்தில் சமநிலையாக நிற்க வேண்டும். மையத்திலிருந்து மூக்கு கிட்டே இருக்கிறது, வால் தூரத்தில் இருக்கிறது. வாலில் ஒரு கிராம் கூடிவிட்டால், அதைச் சரிக்கட்ட மூக்கில் இரண்டு மூன்று கிராம் களிமண் ஒட்ட வேண்டியிருக்கும். வாலில் விட்ட ஒரு சொட்டுப் பசைக்குக் கடைசியில் வட்டி கட்டுவது மூக்கு.

மெழுகுவத்தியும் குண்டூசியும்

கட்டும் வேலைக்கு ஒரு சாஃப்ட் போர்டு போதும். அதன் மேல் பிளான், பிளானின் மேல் சமையலறை கிளிங் ஃபிலிம். இது இல்லாவிட்டால் பசை தாளோடு ஒட்டி, விமானத்தைத் தூக்கும்போது பாதி பிளானும் கூடவே வரும். கிளிங் ஃபிலிம் இல்லாத காலத்தில், குச்சிகள் சேரும் இடங்களில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிடுவார்கள். இப்போதும் அது பலிக்கும்.

குண்டூசியைக் குச்சியின் நடுவில் குத்தக் கூடாது. 2 மி.மீ குச்சியில் ஓட்டை போட்டால் அங்கேதான் உடையும். இரண்டு பக்கமும் இரண்டு ஊசிகளைச் சாய்வாகக் குத்தி, குச்சியை நடுவில் இடுக்கிப் பிடிக்க வேண்டும். உடலின் இரண்டு பக்கச் சட்டங்களையும் தனித்தனியாகக் கட்டாமல், முதல் சட்டத்தின் மேலேயே இரண்டாவதையும் கட்டுவது பழைய வழக்கம். அப்போதுதான் இரண்டும் ஒரே அச்சாக வரும். ஒன்று ஒரு மி.மீ நீண்டாலும் உடல் வாழைப்பழம் மாதிரி வளைந்துவிடும்.

பசைக்கு, தச்சு வேலைக்கான வெள்ளைப் பசை போதும். பல் குச்சியின் நுனியில் தொட்டு வைத்தால் சரியாக இருக்கும். உடனே ஒட்டும் சூப்பர் குளூ வேகமானது, கூடவே கண் எரிச்சலும் தரும், விரலையும் ஒட்டும். தவறாக ஒட்டியதை யோசித்துச் சரிசெய்ய அவகாசமும் தராது. பிளேடு வேலை இருப்பதால், சின்னப் பிள்ளைகள் செய்யும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அவசியம். (பெரியவர் தானே முழுவதையும் செய்து முடித்துவிடும் ஆபத்தும் இதில் உண்டு.)

இதெல்லாம் முதல் முயற்சிக்கு அதிகம் என்று தோன்றுகிறவர்களுக்காகவே, அமெரிக்க ஏரோமாடலிங் அமைப்பைச் சேர்ந்த ஃபிராங்க் எலிங் 1960-களில் ஒரு மாடலை வடிவமைத்தார். பெயர் 'டெல்டா டார்ட்'. அதில் பிளான் அச்சடித்த மெல்லிய தாளே இறக்கையின் தோல்! கோடுகளின் மேல் குச்சியை ஒட்டி, ஓரத்தை வெட்டினால் இறக்கை முடிந்தது. ஒரே மதியத்தில் பறக்கவும் விடலாம். பள்ளிப் பட்டறைகளுக்கு இப்போதும் இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. இங்கே என்.சி.சி விமானப் பிரிவு மாணவர்களுக்குப் பயிற்சியிலேயே ஏரோமாடலிங் உண்டு என்பதால், கல்லூரி முடித்த அண்ணனோ அக்காவோ வீட்டில் இருந்தால் விசாரித்துப் பார்க்கலாம்.

தண்ணீர் தெளித்தால் தோல் இறுகும்

எலும்புக்கூடு தயார். அடுத்து அதற்குத் தோல் போர்த்த வேண்டும். மெல்லிய டிஷ்யூ தாளைத் தண்ணீர் கலந்த பசையால் ஓரங்களில் மட்டும் ஒட்டுவார்கள். முதலில் பார்க்கச் சகிக்காது. சுருக்கம் சுருக்கமாக, இஸ்திரி போடாத வேட்டி மாதிரி இருக்கும். பயப்பட வேண்டாம். ஸ்பிரே பாட்டிலால் லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடலாம். தாள் காயக் காய இறுகி, திரும்பி வந்து பார்க்கும்போது மிருதங்கத் தோல் போல விறைத்து நிற்கும். விரலால் சுண்டினால் சத்தம் கேட்கும். இதைச் செய்பவர்கள் எல்லாருக்கும் பிடித்த நிமிடம் இதுதான்.

இறுகும் தாளுக்கு இழுக்கும் பலமும் உண்டு. காயும்போது இறக்கையைப் போர்டில் குத்தி வைக்காவிட்டால் முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய இறக்கை உள்ள விமானம் ஒரு பக்கமாகவே சுற்றித் தரையில் மோதும். கெட்டில் ஆவியில் காட்டி, எதிர்ப்பக்கம் மெதுவாக முறுக்கி, ஆறும்வரை கையில் பிடித்திருந்தால் நேராகும். ஈரப்பதம் அதிகமான ஊர்களில், மழை நாளில் தாள் மறுபடி தொளதொளவென்று ஆகிவிடும். அதைத் தடுக்கத்தான் மேலே 'டோப்' என்ற மெல்லிய வார்னிஷ் அடிக்கிறார்கள். அதன் நெடி கடுமையானது. ஜன்னலைத் திறந்து வைத்து, தீ எதுவும் பக்கத்தில் இல்லாமல் அடிக்க வேண்டும்.

முதல் நாள் மைதானத்தில்

காற்று அசையாத அதிகாலை. முழங்கால் உயரப் புல் இருந்தால் உத்தமம். கடற்கரை வேண்டாம், அங்கே காற்றுதான் பைலட். பிளானில் எடை மையம் குறித்திருக்கும். அந்த இடத்தில், இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் நுனிகளால் தாங்கினால் விமானம் சமமாக நிற்க வேண்டும். இல்லையென்றால் மூக்கில் களிமண்.

முதலில் ரப்பரை முறுக்காமல், தோள் உயரத்தில் பிடித்து, எதிரே ஒரு புள்ளியைப் பார்த்து மெதுவாகத் தள்ளிவிட வேண்டும். எறியக் கூடாது. மூக்கைத் தூக்கி, தயங்கி, பொத்தென்று விழுந்தால், வாலின் முன்விளிம்புக்கு அடியில் தாள் கனத்தில் ஒரு பால்சா சீவலை வைக்கலாம். நேராகத் தரையைக் குத்தினால் அதே சீவலைப் பின்விளிம்புக்கு அடியில். அரை மி.மீ சீவல் விமானத்தின் குணத்தையே மாற்றிவிடும்.

வழுக்கிக்கொண்டு அழகாக இறங்கிய பிறகுதான் ரப்பர். முதலில் 50 முறுக்கு. நன்றாக இருந்தால் இன்னும் 50. புரொபெல்லர் ஒரு பக்கம் சுழல, உடல் எதிர்ப்பக்கம் சாயப் பார்க்கும். பழைய பிளான்களில் மூக்கைக் கொஞ்சம் வலதுபக்கம் சாய்த்து வரைந்திருப்பது அதற்காகத்தான். அது வரைந்தவரின் கைத்தவறு என்று நினைத்து நேராக்குகிறவர்கள், முதல் நாளே இறக்கையை உடைத்துக்கொண்டு வீடு திரும்புவார்கள்.

எப்படியும் உடையும். அதை நினைத்து வருத்தப்படுகிறவர்கள் பால் மெக்ரெடியைத் தெரிந்துகொள்ள வேண்டும். சிறுவயதில் அமெரிக்காவில் மாடல் விமானப் போட்டிகளில் கலக்கியவர். மனித சக்தியில் மட்டுமே பறந்து, அரை மைல் இடைவெளியில் உள்ள இரண்டு கம்பங்களை எட்டு வடிவில் சுற்றி வரும் விமானத்துக்கு, தொழிலதிபர் ஹென்றி கிரெமர் 1959-ல் பரிசு அறிவித்தார். பரிசுத்தொகை 50,000 பவுண்டாக உயர்ந்தும் ஆண்டுக்கணக்கில் யாராலும் வெல்ல முடியவில்லை. பெரிய குழுக்கள் நேர்த்தியான விமானங்களைக் கட்டின. ஒரு முறை உடைந்தால் சரிசெய்ய மாதங்கள் ஆயின. மெக்ரெடியின் 'கோசமர் காண்டார்' அலுமினியக் குழாயும் கம்பியும் பால்சாவும் பிளாஸ்டிக் தாளும் சேர்ந்த ஒன்று. இறக்கை சுமார் 29 மீட்டர், எடை 32 கிலோ அளவுதான். விழும், உடையும், ஒட்டுவார்கள், மறுபடி பறக்கும். 1977 ஆகஸ்ட் 23-ல், கலிஃபோர்னியாவின் ஷாஃப்டர் விமானத்தளத்தில் சைக்கிள் வீரர் பிரையன் ஆலன் பெடல் மிதித்து அந்த எட்டைப் போட்டு முடித்தார்.

பால்சா மாடலும் அதே ஜாதி. முறிந்த குச்சியின் இரண்டு முனைகளிலும் பசை தொட்டுச் சேர்த்து, பக்கத்தில் ஒரு சிம்பு வைத்து ஒட்டினால், இரவுச் சாப்பாட்டுக்குள் காய்ந்துவிடும்.

உடைந்ததை ஒட்டிவிடலாம், தொலைந்ததை என்ன செய்வது? வெயில் ஏறிய பிறகு சூடான தரையிலிருந்து காற்று மேலே எழும்பும். பருந்து சிறகை அசைக்காமல் வட்டமடித்து ஏறுகிறதே, அந்தக் காற்று. நன்றாகச் செய்த, எடை குறைந்த, சரியாகச் சமன் செய்த விமானம் அதில் மாட்டிக்கொண்டால், ரப்பர் முறுக்கு தீர்ந்த பிறகும் இறங்காது. ஏறிக்கொண்டே போய், புள்ளியாகி, மறைந்துவிடும். போட்டிக்காரர்கள் இதற்கென்றே, குறிப்பிட்ட நேரம் ஆனதும் வாலை மேலே தூக்கி விமானத்தைத் தொப்பென்று இறக்கிவிடும் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். முன்பெல்லாம் மெதுவாக எரியும் ஒரு திரிதான் அந்த டைமர். வீட்டில் செய்கிற முதல் மாடலில் அதெல்லாம் இருக்காது. மொட்டைமாடிகளையும் தென்னந்தோப்புகளையும் தாண்டி எங்கேயாவது போய் இறங்கும்.

அதனால், பறக்க விடும் முன் வாலின் அடிப்பக்கம் ஒரு போன் நம்பரை எழுதிவிடுவது நல்லது. மெல்லிய பேனாவில் போதும். ஸ்டிக்கர் ஒட்டினால் வாலில் எடை கூடிவிடும்.